வெள்ளி வரைக்கும் காளான்

ஐப்பசி 9, திங்கள்

தூறல். மேற்கு மலை தெரியவில்லை, மேகம் அடிவாரம் வரைக்கும் இறங்கிக் கிடக்கிறது. நேற்று பொழுது சாயும்போது இரண்டு இடி. கடைவாய்ப் பல் ஆட்டம். விழவும் மாட்டேன் என்கிறது, சும்மா இருக்கவும் விடமாட்டேன் என்கிறது.

இடி கேட்ட மறுநாள் கரட்டடிக் காட்டுக்குப் போய்விட வேண்டும். போனேன். வேலியோரத்துக் கறையான் புற்று. சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக மொட்டுக் காளான். விரல் நீட்டிச் சுட்டினால் அழுகிப்போகும் என்பார்கள் இங்கே. எண்ணும்போதுகூட விரலை மடக்கியே எண்ணினேன். புற்றுக்கு என்று மூன்றை விட்டேன். எடுத்தது அறுபத்து மூன்று. ஒன்றுகூடக் குடை விரிக்கவில்லை. உச்சிப் பொழுதுக்குப் போயிருந்தால் புழுவும் ஆடும் பங்கு போட்டிருக்கும்.

வழியில் பக்கத்துக் காட்டுக்காரர், துண்டு மூட்டையில் என்ன என்றார். பாம்புக்குட்டி, புற்றில் பிடித்தது என்றேன். பத்தடி தள்ளியே நடந்து வந்தார். ஊர் முகப்பில் மூட்டையை அவர் பக்கமாக லேசாக ஆட்டினேன். அறுபது வயசு ஆள் அந்த ஓட்டம் ஓடுவார் என்று நினைக்கவில்லை.

வீட்டில் மச்சினன் சுருளி உட்கார்ந்திருந்தான். என் வீட்டுக்காரி வீரம்மாளின் தம்பி, சின்னமனூரில் இருக்கிறான். சைக்கிளும் அவனும் ஒரே சேறு. மகளைக் கட்டிக்கொடுத்த பண்ணைப்புரம் போய்விட்டு வருகிறானாம். அந்த ஊர்ப் பேரைச் சொன்னதும் வீ. கையில் இருந்த உழக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

சேதி இதுதான். வெள்ளிக்கிழமை சின்னமனூரில் கல்யாணம். மகள் பேச்சியும் மாப்பிள்ளையும் குழந்தையும் வருகிறார்கள். முகூர்த்தம் முடிந்து மத்தியானம் இங்கே நம் வீட்டில் சோறு. சம்பந்தி சம்மதித்துவிட்டார். சம்மதித்ததோடு ஒரு சொல்லும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைச் சுருளி அவர் மீசையை முறுக்குகிற மாதிரியே முறுக்கிக்கொண்டு சொன்னான்:

"ஒரு நேரச் சோறு. அது நல்லபடியா முடிஞ்சா தீவாளிக்கு அனுப்புறதப் பத்தி யோசிக்கலாம்."

தீபாவளி அடுத்த செவ்வாய். மகள் இந்த வீட்டு வாசலை மிதித்து மூன்று வருஷம்.

பேச்சி தனியாக ஒன்று சொல்லிவிட்டிருக்கிறாள். அடுப்படியில் வைத்து, யாருக்கும் கேட்காமல், புற்றுக்காளான் முளைத்துவிட்டதா என்று அய்யாவிடம் கேளுங்கள் மாமா என்று.

மூட்டையை அவிழ்த்துக் காட்டினேன். சுருளி சிரித்தான். வீ. சிரிக்கவில்லை.

"மறுபடியும் காளானா? ஒங்களுக்கு வேற வெனையே கெடைக்கலயா?"

வெள்ளிக்கிழமை கோழி அடிக்க மாட்டோம், காளானுக்கு அந்தத் தடை இல்லை என்றேன். ஆனால் இன்று திங்கள். இது ஒரு நாள் சரக்கு. காலையில் பிடுங்கினால் ராத்திரிக்குள் சட்டியில் விழ வேண்டும். வெள்ளி மத்தியானம் வரைக்கும் எப்படி வைப்பது? மறுபடி இடி இடிக்கும் என்று என்ன நிச்சயம்? இடித்தாலும் புற்று ஒரு மழைக்கு ஒரு தடவைதான் கொடுக்கும்.

பேச்சி கேட்டிருக்கிறாள். வைத்தே தீர வேண்டும்.


ஐப்பசி 10, செவ்வாய்

காலையில் வெயில், பிறகு மூட்டம். பால்காரி வரவில்லை. அவள் மாட்டுக்குக் காணை நோய் இல்லை, வெறும் சளியாம்.

ஊரில் பெரிய யோசனைக்காரர்களை எல்லாம் கேட்டாகிவிட்டது. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சுருளி: மல்லிகைப்பூ மாதிரி ஈரத்துணியில் சுற்று. வீ.: காற்றுப் படாமல் சட்டியில் போட்டு மூடு. பலசரக்குக் கடைக்காரர்: பொட்டலம் கட்டுகிற பழந்தாளில் பரப்பி வை. குமுளிக்கு ஏலக்காய் மூட்டை எடுக்கப் போகிற மலையாளத்து ஆள் ஒருவர், வண்டியில் இருந்து இறங்காமலேயே, "கழுகண்டா காரணவரே, கழுகியா போயி" என்றார். கழுவாதே பெரியவரே, கழுவினால் போச்சு என்கிறார். அவர் பேச்சில்தான் அனுபவம் தெரிந்தது.

யாரை நம்புவது? எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் நம்பினேன். கழுவவில்லை. பழைய வேட்டித் துணியால் மண்ணை மட்டும் ஒற்றி எடுத்தேன். பிறகு பிரித்தது:

ஈரத்துணியில் சுற்றி உறியில் — பதினைந்து.
தண்ணீர்ப் பானைக்கு அடியில் உள்ள ஈர மணலில், நாற்று மாதிரி அடியை நட்டு — பதினைந்து.
மண்சட்டியில் போட்டு மூடி, மூடிக்கு மேல் கல் — பதினைந்து.
மூங்கில் தட்டில் கடைத்தாள் விரித்து, ஒன்றோடு ஒன்று முட்டாமல் பரப்பி, மேலேயும் தாள், பானைப் பக்கத்து நிழலில் — பதினைந்து.
மிச்சம் மூன்று நூலில் கோத்து அடுப்புக்கு மேலே.

வீ. இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைக்கூட இவ்வளவு கவனமாக வளர்க்கவில்லை என்றாள். உண்மை.

அந்த விஷயத்தை இங்கே எழுதி வைக்கிறேன். ஊரில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். நடந்தது இது.

மூன்று வருஷத்துக்கு முந்தின ஐப்பசி. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து. பண்ணைப்புரத்தில் இருந்து இருபது பேர். இதே புற்று, இதே காளான். கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சம்பந்தி மூன்று தரம் வாங்கினார். கை கழுவி வந்து வெற்றிலைத் தட்டை இழுத்தார். நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சமையல்காரன் கூடை மாற்றி எடுத்துவிட்டான் போல் இருக்கிறது, சத்தியமாக எனக்கு இப்போதுதான் தெரியும், எதற்கும் அரை மணி நேரம் பொறுத்து வெற்றிலை போடுங்கள் என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கிற ஆள் இல்லை என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒருத்தரும் சொல்லவில்லை. புளித்தண்ணீர் கேட்டார். உப்புத்தண்ணீர் கேட்டார். கொல்லையில் குத்தவைத்து எடுத்தார் வாந்தி. அவரைப் பார்த்து மற்றவர்களும். விளையாட்டு, விளையாட்டு என்று நான் கத்துகிறேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. வண்டி கட்டிச் சின்னமனூர் போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சிரித்திருக்கிறார். அதுதான் வினை. விஷம் என்றிருந்தால்கூட மன்னித்திருப்பார். அவர் ஊரில் இன்றைக்கும் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பேரே காளான்தானாம்.

அன்றைக்கு இலையை விட்டு எழாதவள் பேச்சி ஒருத்திதான். மிச்சத்தையும் வழித்துத் தின்றாள். என்னைத் தெரியும் அவளுக்கு.

அதற்குப் பிறகு இந்த வீட்டுச் சோறு அவர்கள் யார் வாயிலும் படக்கூடாது என்று உத்தரவு. தலைத்தீபாவளி இல்லை. தலைப்பிரசவத்துக்கும் அனுப்பவில்லை. வீ. மருந்துக்கு இடித்து வைத்த சுக்கும் திப்பிலியும் டப்பாவிலேயே பூத்துப்போனது. பேத்திக்கு ஒன்றரை வயசு. கறுப்பா சிவப்பா தெரியாது.

இதை எழுதும்போதும் அந்த மனுஷன் குத்தவைத்த கோலம் கண்ணுக்குள் வந்து சிரிப்பு வருகிறது. என்ன ஜென்மம் நான்.


ஐப்பசி 11, புதன்

மழை இல்லை. புழுக்கம். இந்தப் புழுக்கம் காளானுக்கு ஆகாது.

காலையில் உறியை இறக்கினேன். ஈரத்துணிக்குள் பதினைந்தும் கறுத்துவிட்டது, வியர்த்த கக்கத்தில் வைத்தது மாதிரி. சுருளியின் யோசனை அவ்வளவுதான். அவன் வந்தால் மல்லிகைப்பூ வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

நான் வாய்க்காலுக்குப் போய்விட்டு வருவதற்குள் வீ. அந்தப் பதினைந்தையும் கோழிக்குப் போட்டுவிட்டாள். அதில் இரண்டோ மூன்றோ தேறியிருக்கும். எனக்கு வந்தது கோபம். இனிமேல் எந்தச் சட்டியில் இருந்தும் என்னைக் கேட்காமல் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது என்று கத்தினேன். "சரி, தொடல. ஒங்க சொத்து, நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்றாள்.

மணலில் நட்டது பரவாயில்லை. அடி மட்டும் பழுப்பு. தாளில் பரப்பியது முதல் நாள் மாதிரியே. தாள்தான் ஈரமாக இருக்கிறது, காளானுடைய வியர்வையை எல்லாம் குடித்துவிடுகிறது. தாளை மாற்ற வேண்டும். மாற்றத் தாள் இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன், எதற்கு என்றார். காதல் கடிதம் எழுத என்றேன். நாலு தாள் கொடுத்தார். இந்த வயதில் யாருக்கு என்று பின்னால் நின்ற பொம்பிளைகள் பேசிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் வீ. காதுக்கு வந்துவிட்டது. அவள் கேட்கவே இல்லை. அது கொஞ்சம் வருத்தம்.

சட்டியில் மூடியதைத் திறக்கவில்லை. காற்றுப் படக்கூடாதே.

கரட்டடிக்கும் ஒரு நடை. புற்றுக்கு விட்ட மூன்றும் குடை மாதிரி விரிந்து, அடியெல்லாம் புழு.

வீ. வீட்டுக்குச் சாணி மெழுகுகிறாள். அடுப்புக்குக் காவி. தொட்டில் கட்டப் பழைய சேலை துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள். ஒரு வேளைச் சோற்றுக்கு வருகிற பிள்ளைக்குத் தொட்டில் எதற்கு? கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் நேரம் ஆட்டிப் பார்க்கலாம் என்றுதான் இருக்கிறது.


ஐப்பசி 12, வியாழன்

விடியும்போது பனி. பல் வலி.

இன்று சட்டியைத் திறந்தேன். கல்லை எடுத்து மூடியைத் தூக்கியதும் ஒரு வாடை. மூடி உள்பக்கம் சொட்டுச் சொட்டாக வேர்வை. காளான் பதினைந்தும் பிசுபிசு என்று, நத்தை ஊர்ந்த மாதிரி. காற்றுப் படாமல் வைத்தால் அது தன் மூச்சிலேயே புழுங்கிச் செத்துவிடுகிறது. இதை எருக்குழியில் புதைத்துவிட நினைத்தேன். கோழி கிளறிவிடும், ஆழமாகத் தோண்ட வேண்டும். மண்வெட்டி எடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சட்டியை மூடி வைக்கோல் படப்புக்குப் பின்னால் நனையாத இடமாகத் தள்ளி வைத்தேன்.

தேறினது: மணலில் ஒன்பது. தாளில் பதின்மூன்று. மொத்தம் இருபத்திரண்டு. நாலாம் நாள் இருபத்திரண்டு காளான், கையில் எடுத்தால் முட்டை மாதிரி கெட்டியாக. இப்படி வைத்தவன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். தாள், நிழல், பானைக் குளிர்ச்சி, கழுவாமை. இதுதான் சங்கதி. நூலில் கோத்த மூன்றும் செருப்புத் தோல்.

மத்தியானம் வீ. என்னை உட்காரவைத்து விளக்கின் மேல் சத்தியம் வாங்கினாள். நாளைக்கு ஒரு கேலி இல்லை, ஒரு குத்தல் இல்லை. யாராவது கேட்டால் ஆமாம், இல்லை, சாப்பிடுங்க. இந்த மூன்று வார்த்தைதான் எனக்கு அனுமதி.

"மாப்ள மீசைய வழிச்சிருந்தா?"

"அதையும் பேசக்கூடாது."

"அவுக அப்பா மாதிரி முறுக்கிக்கிட்டு வந்தா..."

"இந்தாங்க, எம் பிள்ளைய நான் பாக்கணும். ஒரு நா. ஒரே ஒரு நா வாய மூடிக்கிட்டு இருங்க."

அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. சரி என்றேன். வாயை அடைக்க வெற்றிலை வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு கவுளி.

மழை விடவில்லை.


ஐப்பசி 13, வெள்ளி

காலையில் எழுத நேரம் இல்லை. இப்போது பொழுது சாய்கிறது. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன். யாருக்குக் காட்டப் போகிறேன்.

நல்ல வெயில். ஆற்றில் குளித்தேன். சவரம். சலவை வேட்டி. தாளில் இருந்ததையும் மணலில் இருந்ததையும் ஒரு தட்டில் எடுத்து வீ. கையில் கொடுத்துவிட்டு, ரோட்டுக்குப் போய்விட்டேன். அவர்களை எதிர்கொண்டு அழைக்க. உச்சி வரைக்கும் புளியமரத்தடி. அங்கே இருந்ததுதான் நான் செய்த முட்டாள்தனம். அடுப்படியில் இருந்திருக்க வேண்டும்.

குதிரை வண்டியில் வந்தார்கள். பேச்சி இளைத்திருக்கிறாள். "அய்யா" என்றாள், அவ்வளவுதான், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். குழந்தை கறுப்பு. என் கறுப்பு. பேர் லட்சுமி, அவர்கள் வீட்டுப் பேர். என்னைப் பார்த்ததும் அம்மா தோளில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டது.

மாப்பிள்ளை மரியாதையாக, "நல்லாருக்கீகளா மாமா" என்றார். என் வாய் நிறைய வெற்றிலை. தலையை ஆட்டினேன். மீசை இருந்தது. நல்ல வேளை.

வீட்டில் வீ. எல்லோருக்கும் முன்னால் அழுதுவிட்டாள். பேத்தியைக் கீழே விடவே இல்லை. மாப்பிள்ளை தொட்டிலைப் பார்த்தார், பேச்சியைப் பார்த்தார், லேசாகச் சிரித்தார். தீபாவளிக்கு இந்தத் தடவை மழை இருக்கும் போல, நனைந்துகொண்டேதான் வர வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். வர வேண்டும் என்றார். நான் கேட்டேன். வீ.யும் கேட்டாள். அவள் முழங்கை என் விலாவில் இடித்தது.

இலை போட்டாயிற்று. மகளையும் மருமகனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள். பேச்சி மடியில் குழந்தை. சோறு, நெய், பருப்பு, பிறகு காளான் குழம்பு. மிளகு அரைத்துச் சேர்த்த வாசனை. மாப்பிள்ளை இலையில் ஒரு கரண்டி நிறைய விழுந்தது. அவர் தயங்கவில்லை. பேச்சி இலையில் இரண்டு கரண்டி. சட்டியில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு காளான் இவ்வளவு ஆகாது. அடுப்படிக்குள் போய் மெதுவாகக் கேட்டேன். வீ. பெருமையாகச் சொன்னாள்:

"படப்புக்குப் பின்னாடி ஒரு சட்டி ஒளிச்சி வச்சிருந்தீகளே, அதுந்தான். தூக்கிப் போடக்கூடாதுன்னீகள்ல. நாலு தண்ணி கழுவுனேன். மஞ்சப் போட்டு வேகவச்சேன், நெறம் மாறல, வெசமில்ல. நாலு பேருக்கு இருபத்திரெண்டு காணுமா?"

வாடை அடிக்கவில்லையா என்றேன். ஈரச் சட்டி வாடை என்று நினைத்தாளாம்.

வாயில் இருந்த வெற்றிலையை முழுங்கிவிட்டேன்.

திரும்பி வந்தால் மாப்பிள்ளை இன்னும் பருப்பில்தான் இருக்கிறார். பேச்சி ஒரு துண்டை எடுத்து, ஊதி ஊதி, குழந்தை வாயில் வைக்கிறாள்.

சும்மா இருந்திருக்கலாம். இதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு நொடி சும்மா இருக்கத்தான் நினைத்தேன். நாலு தண்ணி கழுவி, வேகவைத்தது, ஒன்றும் ஆகாமலும் போகலாம். செவ்வாய்க்கிழமை வருவார்கள். ஆனால் அது பேத்தி வாய். பால் பல் எட்டு.

ஓடிப்போய்க் குழந்தை வாய்க்குள் விரலை விட்டுத் துண்டை வெளியே எடுத்தேன். பேத்தியை நான் முதல் முதலாகத் தொட்டது அப்படித்தான். வீல் என்று கத்தியது.

"திங்காத ஆத்தா. யாரும் திங்காதீக. இது கெட்டுப்போன காளான்" என்றேன்.

பேச்சி முதலில் சிரித்தாள். ஒரு நொடிதான். பிறகு முகம் வெளுத்துவிட்டது. இன்றைக்கு வேண்டாம் அய்யா, கும்பிடுகிறேன் என்றாள் மெதுவாக.

சத்தியமாகத்தான் சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கும் சத்தியம் செய்துதான் சொன்னேன். பொய்க்கெல்லாம் அதைச் செலவழித்துவிட்டு இப்போது கையில் வேறு ஒன்றும் இல்லை.

வீ. ஓடி வந்தாள். அவர் சொல்வது நிஜம், நான்தான் தெரியாமல் சேர்த்துவிட்டேன் என்று மாப்பிள்ளை கையைப் பிடிக்காத குறை. அவர் எழுந்து கையை உதறினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

"நீங்களுமா அத்தை?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எங்கய்யா சொன்னாக. அந்த மனுசனுக்கு நம்ம மானம் வெளையாட்டுச் சாமான்னு. நாந்தான் அவுகளோட சண்ட போட்டு வந்தேன்."

குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போய் வண்டிக்காரனைக் கூப்பிட்டார். வண்டிக்காரன் இன்னும் சாப்பிடவில்லை. அவனுக்கும் இலை போட்டிருந்தது.

பேச்சி கை கழுவினாள். கூடத்தில் என் முன்னால் வந்து நின்றாள்.

"நெசமாச் சொன்னீகளா, வெளையாட்டுக்குச் சொன்னீகளா? எனக்கு மட்டும் சொல்லுங்க அய்யா."

"நெசந்தான் ஆத்தா."

என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம். கணக்குப் போடுகிற மாதிரி.

"அன்னைக்கி வெளையாட்டுன்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. இன்னைக்கித் தெரியல. மூஞ்சி ரெண்டு நாளும் ஒண்ணாத்தான் இருக்கு."

போய்விட்டாள்.

வீ. தொட்டிலை அவிழ்த்து மடித்து வைத்தாள். இலைகளை அப்படியே சுருட்டி எடுத்தாள். குழம்புச் சட்டியை மட்டும் என்ன செய்வது என்று கேட்கவில்லை. அடுப்பு மேலேயே இருக்கிறது.


ஐப்பசி 14, சனி

மூட்டம். மழை இல்லை. பால்காரி மாட்டுக்குச் சளி தேவலை.

காலையில் சுருளி வந்தான். சின்னமனூர் முழுக்கப் பரவிவிட்டதாம், கிழவன் மறுபடியும் அதே வேலையைக் காட்டிவிட்டான் என்று. கல்யாண வீட்டில் சிரிக்கிறார்களாம். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் கும்பிட்டு, "ரெண்டாந் தடவையும் எப்பிடிய்யா நம்ப வச்சீரு?" என்றார். பாராட்டு.

வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் சட்டி. நேற்றுக் குழம்பு, அப்படியே. யோசித்தேன். அப்புறம் யோசிக்கவில்லை. தட்டில் சோறு போட்டு, சட்டியைக் கவிழ்த்தேன்.

வீ. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். தடுக்க வருகிறாள் என்று நினைத்தேன். எதிரே உட்கார்ந்தாள்.

"எதுக்கு?"

சொன்னேன். எனக்கு வயிற்றுக்கு ஏதாவது வந்தால் நான் சொன்னது பொய் இல்லை என்று ஆகிவிடும். சுருளியிடம் சைக்கிள் இருக்கிறது. பண்ணைப்புரம் இரண்டு மணி நேரம். கிழவன் படுத்துவிட்டான், காளான் நிஜமாகவே கெட்டதுதான், பிள்ளை வாயில் இருந்து பிடுங்கியது அதற்காகத்தான் என்று சம்பந்தி முன்னால் நின்று சொல்லட்டும். வாந்தி போதும். சாக வேண்டாம், செவ்வாய்க்கிழமை தீபாவளி.

வீ. இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

ருசியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். மிளகு தூக்கலாக, நன்றாக இருந்தது. முழுச் சட்டியும்.

பத்து மணி — ஒன்றும் இல்லை. ஏப்பம்.
பன்னிரண்டு — ஒன்றும் இல்லை. சுருளியை எங்கும் போகாதே என்று சொல்லி வைத்தேன். சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டான்.
இரண்டு — வயிற்றில் ஒரு புரட்டல். எல்லோரும் எழுந்துவிட்டோம். வாயு.
மூன்று — வீ. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏதாச்சும் செய்யுதா?" என்றாள். முகத்தில் ஆசை. நாற்பது வருஷத்தில் என் வயிற்றைப் பற்றி இவ்வளவு ஆசையாக அவள் கேட்டதில்லை.
நாலு — படுத்துப் பார்த்தேன். படுத்தால் வருமோ என்று.
ஐந்து — சுருளி: "நான் வேணா போயி, மச்சான் படுத்துட்டாகன்னு சொல்லிரவா? யாரு வந்து பாக்கப் போறாக?"

வேண்டாம் என்றேன். அது பொய். இந்த ஒரு விஷயத்தில் பொய் வேண்டாம். சுருளி என்னை வினோதமாகப் பார்த்தான். வீ.யும்.

ஆறு — ஒன்றும் இல்லை.

கெட்டதுதான் அது. நான் பார்த்தேன், முகர்ந்தேன். அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. கெட்டது எல்லோரையும் ஒரே மாதிரி செய்யாது. குழந்தைக்குச் செய்திருக்கும். நிச்சயமாகச் செய்திருக்கும். செய்திருக்குமா?


ஐப்பசி 15, ஞாயிறு

வெயில். மலை முழுசாகத் தெரிகிறது, மடிப்பு மடிப்பாக. வெகு நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம், தூங்கியதே வெட்கம். வயிறு சுத்தம். பசி. பழைய சோறு இரண்டு கிண்ணம், வெங்காயம்.

சுருளி வந்தான். வாசலில் நின்றபடியே நான் சாப்பிடுவதைப் பார்த்தான். சைக்கிளைப் பண்ணைப்புரம் பக்கம் அல்ல, சின்னமனூர்ப் பக்கமே திருப்பிக்கொண்டு போனான்.